டப்பாவில் செத்தவர்

கொப்பரைக்காரர் செத்துப்போன செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவருடைய அக்காதான். அப்போது அவர் அடுப்பங்கரையில் குந்தியிருந்து அவித்த உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அக்கா குடையை மடக்காமலே உள்ளே நுழையப் பார்க்க, குடை கதவில் சிக்கிக்கொண்டது.

"எங்கடா உன் பொண்டாட்டி?"

"குளிக்கிறா. குடையை மடக்கிட்டு வாக்கா."

"குளிக்கட்டும், நல்லா குளிக்கட்டும். உன்னைத்தான் தலைமுழுகிட்டாளே!"

குடையை மூலையில் எறிந்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு அட்டை டப்பாவை எடுத்துத் தம்பியின் மடியில் போட்டாள். மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருந்தது. மேலே சாம்பல் நிற நாடா. மூடியில் அவர் மனைவி பெரியகண்ணுவின் முகம். பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர் அது. சொந்தப் பெயரைத் தின்றுவிட்டு அதுவே நிலைத்துவிட்டது. படத்தில் அந்தப் பெரிய கண்கள் இரண்டும் தளும்பிக்கொண்டு நின்றன.

"படி," என்றாள் அக்கா. "சத்தமாப் படி."

கையில் ஒட்டியிருந்த கிழங்கைத் துடைத்துக்கொண்டு அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "அவள் கணவனை இழந்தாள். மணத்தை அடைந்தாள். அவள் மௌனத்தில் முதிர்ந்த இந்த நறுமணம், இனி உங்கள் மேனியோடு பேசட்டும்."

இன்னொரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தார்.

"கணவன்னா நான்தானே?"

"வேற எவன்? நான் வேலை செய்யற வீட்டுல குளியலறையைக் கழுவப் போறேன், உன் பொண்டாட்டி அலமாரியிலிருந்து என்னைப் பாக்கறா. இது எங்க தம்பி பொண்டாட்டிம்மான்னு ஆசையாச் சொன்னேன். அந்தம்மா டப்பாவைப் படிச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. தம்பி எப்படிப் போனார்னு கேக்கறாங்க. எங்கயும் போகலம்மா, காலையிலதான் ஃபோன்ல பேசினான்னு சொன்னேன். துக்கத்துல அப்படித்தான் குரல் கேக்கும்னு முதுகைத் தடவிக் குடுக்கறாங்கடா!"

அந்த வீட்டம்மாள் ஒரு பை நிறையப் பழைய துணியும் கொடுத்தனுப்பியிருந்தாள், கணவனை இழந்தவளுக்கு. அக்கா அதை வேண்டாமென்று சொல்லவில்லை. துணி நல்ல துணி.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த பெரியகண்ணு டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. படம் எடுத்தாங்க. அடையாள அட்டைக்குன்னு நினைச்சேன்."

அவள் சொன்னது நிஜம்.

தெருவின் கடைசியில் இருந்த சோப்புத் தொழிற்சாலையில்தான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை. இரண்டு ஆள் உயர இரும்புக் கொப்பரையில் கொழுப்பையும் சோடாக் காரத்தையும் கொட்டி, நீராவி விட்டுக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டுச் சோப்பைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. அருகில் நின்றால் மூக்கு எரியும். பொங்கி வரும்போது நீராவியைக் குறைக்க வேண்டும், அடங்கும்போது கூட்ட வேண்டும். கொப்பரையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. இறுகிய சோப்பைப் பெண்கள் வெட்டி, அடுக்கி, காயவைப்பார்கள்; டப்பாவில் போடுவது வெளியூர்க் கிடங்கில். மஞ்சள் காகிதம் சுற்றிக் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போவதும், கறுப்பு டப்பாவுக்குள் ஒற்றையாகப் படுத்துக்கொண்டு பெரிய கடைகளுக்குப் போவதும் ஒரே கொப்பரையில் வெந்ததுதான். கறுப்பு டப்பாவுக்குக் கொஞ்சம் வாசனை எண்ணெய் கூடுதல். மிச்சமெல்லாம் வாய்.

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயர் வர்ணனை. மெலிந்த ஆள், மெலிந்த குரல், துணிக்காலணி. வெட்டும் இயந்திரம் பழுதாகிப் பெண்கள் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்த வாரத்தில் அவர் வந்து சேர்ந்தார். டப்பாவில் 'கைகளால் செதுக்கப்பட்டது' என்று அச்சேறியது. இயந்திரம் சரியானது, டப்பா சரியாகவில்லை. விற்காமல் கிடங்கில் தூசி பிடித்துக் கிடந்த சரக்கை அவர் 'மௌனத்தில் முதிர்ந்தது' ஆக்கினார். ஓரம் பிய்ந்த கட்டிகள் 'இயற்கையின் கையொப்பம்' ஆயின. சோப்பு என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. பெண்கள் இருக்குமிடத்தில் சொல்லக்கூடாத வார்த்தை போலிருக்கிறது என்று கொப்பரைக்காரர் கேலி செய்வார்.

படம் எடுத்த அன்று வாசனை எண்ணெய்ப் பீப்பாயில் கசிவு. பெரியகண்ணுவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீராகக் கொட்டியது. அவள் முந்தானையைத் தூக்கப் போனபோது, "துடைக்காதீங்க, அப்படியே இருங்க, அற்புதம்," என்று வர்ணனை படம் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டே, வீட்டுக்காரர் எப்படி என்று விசாரித்தார். "அவரு எங்கங்க, கொப்பரையே கதி. இருந்தும் இல்லாத மாதிரிதான்," என்றாள் அவள், எந்தப் பெண்டாட்டியும் சொல்வதுபோல. வர்ணனைக்கு அதில் பின்பாதி மட்டும் போதுமானதாக இருந்தது.

அக்கா வந்துபோன மறுநாள் கொப்பரைக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனார். மேனேஜரும் வர்ணனையும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், நான் செத்துட்டேனா?"

வர்ணனை புன்னகைத்தார். "செத்துட்டார்னு எங்கங்க எழுதியிருக்கு? 'இழந்தாள்'னுதானே இருக்கு? இழப்புங்கறது ரொம்ப ஆழமான வார்த்தை. மனசால விலகிப் போறதும் இழப்புதான். கூட்டத்துல தொலைக்கிறதும் இழப்புதான்."

"தொலைக்கிறதுக்கு நான் என்ன சார், குடையா?"

"வாங்கறவங்க ஒரு பொருளை வாங்கலீங்க. ஒரு வலியைத் தொட்டுப் பாக்கறாங்க. அந்த வலி உண்மையா இருக்கணும்னு எதிர்பாக்கறாங்க."

"உண்மையான வலிதானே வேணும்? என் இடுப்புல இருக்கு, எடுத்துக்கங்க. சும்மாவே தர்றேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, டப்பா நன்றாகப் போகிறது, அச்சடித்தது அடித்ததுதான், இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றார். "ஒரே ஒரு உதவி. பெரிய கடைக்காரங்க, வாடிக்கையாளருங்கன்னு பாக்க வருவாங்க. அவங்க வர்ற அன்னிக்கு நீங்க பின்வாசல் வழியா வந்து போயிடுங்க. முன்பக்கம் தலைகாட்ட வேண்டாம்."

"செத்தவன் எப்படி சார் முன்பக்கம் வருவான்," என்று சொல்லிவிட்டு அவர் கொப்பரைக்குப் போனார்.

முன்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். நல்ல வெளிச்சம், நல்ல காற்று, தரையில் மரப்பலகை. நடுவில் ஒரு மேசை. அங்கே பெரியகண்ணு சாம்பல் நிற உடுப்பில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பார்க்கக் கம்பியால் சோப்பை அறுக்க வேண்டும். பேச வேண்டியதில்லை, தலையைக் குனிந்திருந்தால் போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம், யாராவது கேட்டால் தலையை ஆட்டுங்கள் என்றார்கள். அப்புறம் ஒரு வரி கொடுத்தார்கள்: "அவர் போனதுக்கப்புறம் இந்த மணம்தாங்க எனக்குத் துணை." மனப்பாடமாகச் சொல்லாதீர்கள், சொல்லுமுன் ஒரு மூச்சு விடுங்கள் என்று வர்ணனை பக்கத்தில் நின்று பழக்கினார்.

அவள் ஒப்புக்கொண்டாள். ஆசைப்பட்டே ஒப்புக்கொண்டாள். நாளெல்லாம் நின்று வேலை செய்தவளுக்கு முதன்முதலாக உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. எண்ணெய் நெடி இல்லாததால் கண் எரிச்சல் போயிற்று, காலையில் இமை ஒட்டிக்கொள்வது நின்றது. வீட்டில் ஊசியில் நூல் கோத்தாள். அதைக் கணவனிடம் காட்டவும் செய்தாள்.

மழை ஓய்ந்து வெயில் ஏறியிருந்தது. கொப்பரையடியில் நின்றுவிட்டு வந்தவர் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ரொட்டியும் முட்டையும் வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இன்னிக்குப் பின்வாசல்ல குப்பை வண்டி நின்னுது. அதைச் சுத்தித்தான் உள்ள போனேன்."

"கொஞ்ச நாளைக்குத்தாங்க."

"நான் செத்தது உனக்கு நல்லதாப் போச்சு. கண்ணு தெளிஞ்சிருக்கு, முகம் தெளிஞ்சிருக்கு."

"ஏன் இப்படிப் பேசறீங்க? வெறும் வாய் வார்த்தைதானே?"

"வெறும் வாய் வார்த்தைதான். அதை நீ எவ்வளவு அழகாச் சொல்றியாம். அடுக்கற பொம்பளைங்க சொல்றாங்க. ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்றியாம்."

"அவங்க சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"என்னைப் பத்தி இத்தனை வருஷத்துல மூச்சு விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா நீ?"

அவள் முட்டை ஓட்டையெல்லாம் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கொப்பரைக்கு நீராவி கொண்டுவரும் குழாயின் திருகு வெகுநாளாகவே இறுகிக் கிடந்தது. மாற்றச் சொல்லி அவரும் கேட்டபடி இருந்தார். கண்ணாடி அறைக்கு விளக்கு போடுகிற வேலை முடியட்டும் என்றார்கள். விளக்கு போட்டார்கள். பிறகு மரப்பலகைக்கு மெருகு போட்டார்கள்.

வாடிக்கையாளர்கள் கூட்டமாக வந்திருந்த ஒரு நாள் முற்பகலில் கொப்பரை பொங்கியது. அவர் திருகைப் பிடித்துத் திருப்பினார்; அது அசையவில்லை. கீழே நின்றவர்களை ஓடச் சொல்லிக் கத்திக்கொண்டே கம்பியைக் கொடுத்து நெம்பினார். அசைந்தது. ஆனால் அதற்குள் கொதித்த காரமும் சோப்புமாக வழிந்து அவர் வலது கையில் முழங்கை வரை இறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை முக்கிக்கொண்டு அவர் போட்ட சத்தம் கூரைத் தகரத்தில் மோதியது.

பின்வாசல் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று வேறு வழி திறந்திருக்கவில்லை.

அடுக்குகிற பெண் ஒருத்தி கண்ணாடி அறைக்கு ஓடினாள். கதவருகே வர்ணனை நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தைச் சுளித்து வருத்தப்பட்டார். அப்புறம் விரலை உதட்டில் வைத்தார்.

"அஞ்சே நிமிஷம்மா. அம்மா இப்ப ரொம்ப உணர்ச்சிகரமான இடத்துல இருக்காங்க. கலைக்க வேண்டாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியகண்ணு ஒரு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் தேநீர் குடித்து, டப்பா வாங்கி, வண்டி ஏறிப் போன பிறகுதான் அவளுக்குச் சொன்னார்கள். சாம்பல் உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கையைத் தலையணை மேல் வைத்து, கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். தலைமாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் வந்துவிட்டுப் போயிருந்தாராம். விபத்து என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், நிகழ்வு என்று சொல்லுங்கள், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்றாராம்.

"எப்ப வந்த?" என்றார் கொப்பரைக்காரர்.

"இப்பத்தான். இப்பத்தாங்க சொன்னாங்க."

"என்னைத் தூக்கிட்டுப் போறப்ப நீ என்ன பண்ணிட்டிருந்த?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"நீங்க செத்துப்போன கதையைச் சொல்லிட்டிருந்தேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "நல்லாச் சொன்னியா?" என்று கேட்டார்.

அதில் குத்தல் இல்லை. களைத்துப்போன மனிதர் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்தது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். முகம் கோணி, மூக்கு ஒழுகி, சத்தம் போட்டு அழுதாள். பார்க்க நன்றாகவே இல்லை. எந்த டப்பாவிலும் போட முடியாத அழுகை அது. அக்கா எழுந்து அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கூட்டம் வந்த அன்று அவள் கண்ணாடி அறைக்குப் போகத்தான் செய்தாள். வர்ணனைக்கு நிம்மதி. வந்தவர்களில் முத்துத் தோடு போட்ட அம்மாள் ஒருத்தி, "எப்படித் தாங்கிக்கறீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பெரியகண்ணு கம்பியைக் கீழே வைத்தாள். மூச்சு எதுவும் விடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் உயிரோடதாங்க இருக்கார். இந்த சோப்பைக் காய்ச்சறவரே அவருதான். அந்தச் சுவருக்குப் பின்னாடி. போன தடவை ஆளுங்க வந்தப்ப கொப்பரை பொங்கி கை வெந்துபோச்சு. இவங்க என்கிட்ட சொல்லாம, இங்க உக்காரவச்சு அவர் செத்துட்டார்னு சொல்ல வச்சாங்க. மஞ்சக் காகிதத்துல விக்கறதும் இதே சோப்புதாங்க. அதையே வாங்கிக்கங்க."

இனி அவ்வளவுதான், எல்லாம் கிழிந்து தொங்கப்போகிறது என்று அவள் நினைத்தாள். முத்துத் தோட்டுக்காரி கண்களைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். "எவ்வளவு உண்மையா இருக்கு," என்றாள் ஒருத்தி. "இதைத்தாங்க கடையில காசு குடுத்து வாங்க முடியாது," என்று சொல்லி இன்னொருத்தி அப்போதே டப்பா கேட்டாள். வெளிறிப்போய் நின்ற வர்ணனையின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கைபேசியை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார்.

கொப்பரைக்காரர் வீடு திரும்பிய வாரத்திலேயே வர்ணனை ஒரு பூங்கொத்தும் புகைப்படக் கருவியுமாக வந்து கதவைத் தட்டினார். அக்கா திறந்தாள். பாதி மட்டும் திறந்தாள்.

"அய்யாவைப் பாக்கணும். அந்தக் கையை ஒரே ஒரு படம். புது வரிசை வெளியிடறோம். 'தீயிலிருந்து அவள் மீட்ட காதல்'. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே கண்ணாடி அறையில உக்காரலாம். பின்வாசலே கிடையாது."

"எந்த அய்யா?"

"உங்க தம்பிதாம்மா."

"அவனா? அவன் போய்ச் சேர்ந்துட்டானே. உங்க டப்பாவுலயே போட்டிருக்கு, நீங்க படிக்கலையா?"

உள்ளே கொப்பரைக்காரர் இருமினார். நன்றாகவே காதில் விழுந்தது.

"அம்மா, அவர் சத்தம் கேக்குது..."

"துக்கத்துல அப்படித்தான் குரல் கேக்கும்," என்றாள் அக்கா. "வாங்க, முதுகைத் தடவிக் குடுக்கட்டுமா?"

வர்ணனை ஓரடி பின்னால் போனார். பூங்கொத்தை அவர் கையோடே திருப்பியனுப்பிவிட்டு அக்கா கதவைச் சாத்தினாள்.

மேனேஜரிடம் போய், பழையபடி அடுக்கும் வேலையே போதும் என்று பெரியகண்ணு கேட்டுப் பார்த்தாள். கண்ணாடி அறை என்றால் கண்ணாடி அறை, இல்லையென்றால் வேலையே இல்லை என்றார். அவள் சாம்பல் உடுப்பை மடித்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தாள். பிறகு வந்த டப்பாவில் வேறு யாரோ ஒரு பெண் இருந்தாள். அவள் எதை இழந்தாள், எதை அடைந்தாள் என்று படித்துப் பார்க்க இந்த வீட்டில் ஒருவரும் மெனக்கெடவில்லை.

கொப்பரைக்காரரின் விரல்கள் பாதிதான் மடங்கின. கொப்பரை வேலை இனி இல்லை என்று ஆயிற்று. ஆஸ்பத்திரி கொடுத்த சான்றைப் பிடித்துக்கொண்டு, நஷ்டஈட்டுக்காகத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அக்காவும் அவருமாக அலைகிறார்கள். அங்கே 'நிகழ்வு' என்ற வார்த்தையை யாராவது எடுத்தால் அக்கா விடுவதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், பின்பக்கம் பெண்கள் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடுவதைப் பெரியகண்ணு பார்த்திருந்தாள். அங்கேயே போய் வேலை கேட்டாள். எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் காலையில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்த ஒரு தடித்த அம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய், "அழுக்கு இந்தப் பக்கம். வெளுத்தது அந்தப் பக்கம். மாத்திடாத," என்றாள்.

பெரியகண்ணு மேற்கொண்டு ஏதோ வரும் என்று நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நிக்கிற? அவ்வளவுதான்."

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தது. கொப்பரைக்காரர் இடது கையாலேயே காய் நறுக்கி, இடது கையாலேயே கிண்டி, ஒரு சூப்பு வைத்திருந்தார். காய்த் துண்டுகள் கன்னாபின்னாவென்று கிடந்தன.

"வேலை எப்படி?"

"முதுகு போச்சுங்க."

"ஆளுங்க?"

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நானும் ஒண்ணும் சொல்லல."

அவர் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினார். அவள் ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு ஜாஸ்திங்க."

அவரும் தன் கிண்ணத்தில் குடித்துப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "ஜாஸ்திதான்."

இருவரும் கொஞ்சம் வெந்நீர் கலந்து குடித்தார்கள்.